பள்ளிப் பக்கக் கோல்

"சூரியன் எந்தப் பக்கம் மறையும் எண்டாவது உனக்குத் தெரியுமா?"

பத்தாம் வகுப்பில் புவியியல் டீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டார். அதற்கு முன் அவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் நான் எழும்பி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் பதில் தெரியும். தெரிந்தது தொண்டையில் வந்து நிற்கும், வெளியே வராது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். நாலாவதாக இதைக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. எங்கள் வீடு கடற்கரையில். சூரியன் எங்கே எழும்புகிறது, எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறவள் நான். அதற்கும் வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை காய்ச்சல் என்று வீட்டில் நின்றேன். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. நான் திரும்பிப் போகவில்லை.

அது நடந்து மூன்று வருடம். இப்போது வாப்பாவின் தேத்தண்ணிக் கடையில், பின்பக்கக் குசினியில் உம்மாவோடு ரோல்ஸ் சுற்றுகிறேன். கடை கல்முனைக் கடற்கரையில், மஷ்ரிக் விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தை ஒட்டி இருக்கிறது. குசினி யன்னலால் பார்த்தால் மைதானத்தின் நடுக்கோடு நேரே தெரியும். இடது கைப் பக்கம் பள்ளிவாசல் மதிலடியில் ஒரு கோல், வலது கைப் பக்கம் கடலோரத்தில் ஒரு கோல். முன்கடைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை தொங்குகிறது. அந்தப் பக்கம் ஆண்கள் கதைப்பார்கள். இந்தப் பக்கம் நான் எழுதுவேன்.

பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கி மிஞ்சிய கொப்பிகள் என்னிடம் இருந்தன. அவற்றை மா வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மஷ்ரிக் ஆடும் ஒவ்வொரு மெட்ச்சுக்கும் ஒரு பெட்டி கீறி, பந்து எங்கிருந்து போனது, எங்கே விழுந்தது, யார் எந்த நேரம் அடித்தது என்று குறித்து வைப்பேன். மற்றப் பக்கத்தில் கடையில் கதைத்ததை எழுதுவேன். யாருக்கும் காட்டவென்று எழுதவில்லை. எனக்கு மூத்தவன், என் காக்கா ஸாஜித், மஷ்ரிக்கின் ஒன்பதாம் நம்பர்; முன்னால் ஓடிக் கோல் போட வேண்டிய போவட். அவன் ஓடுவதை நான் ஒருத்தியாவது ஒழுங்காகப் பார்த்து வைக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

போன வியாழன் அரையிறுதி. நாவிதன்வெளி டீமோடு ஒன்றுக்கு ஒன்று முடிந்து, பெனால்டியில் மஷ்ரிக் வென்றது. வென்ற டீமைப் போலவா கதைத்தார்கள்! மஃரிப் தொழுதுவிட்டு எல்லாரும் கடைக்குள் வந்ததுமே தொடங்கிவிட்டது.

"போவட் லைனா இது?" என்றார் முகம்மது தம்பி. ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல்தான் கதைப்பார். "சந்தூக்குத் தூக்கிட்டுப் போற மாதிரியெல்லோ நடக்கிறானுகள்!"

"மய்யித்தாவது அடக்குற இடத்துக்குப் போய்ச் சேரும் காக்கா," என்றான் அஜ்வத். அவன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். மஷ்ரிக் ஆடும் நாளில் ஹயர் எடுக்கமாட்டான். "நம்மட போவட் கோலடிக்குப் போய்ச் சேந்தத நான் காணல்ல."

எல்லாரும் சிரித்தார்கள்.

"நம்மட ஸாஜிதப் பாருங்க," அஜ்வத் நிறுத்தவில்லை. "பந்து ஒரு பக்கம் விழுது, அவன் ஒரு பக்கம் ஓடுறான். பிறகு திரும்பி வந்து தேடுறான், ஜும்ஆவுக்குப் போய்ச் செருப்பத் துலைச்சவன் மாதிரி!"

இந்தத் தடவை இன்னும் பலத்த சிரிப்பு. திரைக்கு அந்தப் பக்கம் வாப்பா பிளேன்டி ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருடைய மகனைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள். அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ஆனா நாவிதன்வெளிப் பொடியனுகள் நல்ல மரியாதக்காரனுகள்," என்றார் முகம்மது தம்பி. "டொஸ்ஸ வெண்டவன் அவனுகள்ற கெப்டன், அந்த டெஸ்மன்ட். வெண்டுபோட்டு, 'நீங்க வழமையா எடுக்கிற பக்கத்தையே எடுங்க அண்ணன்' எண்டு நமக்கு விட்டுத் தாறான்."

"காலிறுதியில கோமாரிக்காரனும் அப்பிடித்தானே தந்தான். நம்மட கழகத்துக்கு இரிக்கிற மதிப்பு!" என்றான் அஜ்வத்.

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது.

மஷ்ரிக் வழமையாக எடுக்கும் பக்கம் ஊருக்கே தெரியும். முதல் பாதி கடல் பக்கக் கோலுக்கு அடிப்போம், இரண்டாம் பாதி பள்ளிப் பக்கக் கோலுக்கு அடிப்போம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதில் மாற்றமில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பைனலில், இரண்டாம் பாதியில், பள்ளிப் பக்கக் கோலில் போட்ட ஒரே கோலால்தான் மஷ்ரிக் கிண்ணம் எடுத்தது. அந்தக் கோலைப் போட்டவர் ஜவுபர் மாமா. இப்போது அவர்தான் டீம் மெனேஜர். அந்த நாள் எடுத்த படம் எங்கள் கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பந்து வலைக்குள் கிடக்கிறது, மீசை முளைத்தும் முளைக்காத ஜவுபர் மாமா இரண்டு கையையும் விரித்து நிற்கிறார்.

மூலை மேசையில் இருந்த ஜவுபர் மாமா தொண்டையைச் செருமினார்.

"கமிட்டி முடிவெடுத்தாச்சு. சனிக்கிழம பைனலுக்கு மட்டக்களப்பிலருந்து மெல்ரொய் வாறான். ஒன்பதாம் நம்பர் அவனுக்கு. ஸாஜித் வெளியில இரிக்கட்டும்." பிறகு வாப்பா பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "மிஹ்லார், நாளைக்கு அந்தியில வாறன். ஜேர்ஸியக் கழுவி வைங்க."

"ஓம்," என்றார் வாப்பா.

எங்கள் வீட்டில் அந்த ஜேர்ஸியைக் கழுவுகிறவள் நான்.

விடிந்ததும் கழுவினேன். கழுவிக் கொடியில் போட்டுவிட்டு வந்து, கொப்பிகளை எடுத்து விரித்தேன். இந்தக் கிண்ணத்துக்கு ஆறு மெட்ச், ஆறு பெட்டி. போவட் லைன் போட்ட கோல் ஏழு. அதில் மூன்று காக்காவுடையது. ஏழும் முதல் பாதியில், ஏழும் கடல் பக்கக் கோலில். பள்ளிப் பக்கக் கோலில், இரண்டாம் பாதியில், ஆறு மெட்ச்சிலும் ஒன்றுமில்லை. அரையிறுதியில் பெனால்டி அடித்ததும் கடல் பக்கக் கோலுக்குத்தான். ஐந்தில் நாலு உள்ளே போனது.

மெட்ச் அஸர் தொழுகைக்குப் பிறகு நாலரைக்குத் தொடங்கும். இரண்டாம் பாதி தொடங்க ஐந்தரை ஆகும். அந்த நேரம் சூரியன் பள்ளி மினாராவுக்குக் கீழே இறங்கி நேரே கண்ணில் குத்தும். இந்த மாதங்களில் கச்சான் காற்று வேறு. வயல் பக்கத்திலிருந்து கடலைப் பார்த்துச் சூடாக அடிக்கும். அந்தக் காற்றுக்கு எதிரே உயர்த்தி அடித்த பந்து ஆகாயத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு, போக வேண்டிய தூரம் போகாமல் விழுந்துவிடும். காக்கா அது வந்து சேர வேண்டிய இடத்துக்குத்தான் ஓடுகிறான். பந்துதான் வருவதில்லை. வந்தாலும், திரும்பிக் கோலைப் பார்த்தால் வெயில்.

இது ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்று யோசித்தேன். யன்னலால் எட்டிப் பார்த்ததும் விளங்கியது. மெட்ச் பார்க்கிறவர்கள் எல்லாரும் பள்ளி மதில் நிழலில்தான் இருப்பார்கள். ஜவுபர் மாமாவின் பிளாஸ்டிக் கதிரையும் அங்கேதான். எல்லாருடைய முதுகிலும் வெயில். ஒருவர் கண்ணிலும் இல்லை.

டெஸ்மன்ட் மரியாதைக்காக விட்டுத் தரவில்லை. கோமாரிக்காரனும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காக்கா பின்வாசலில் குந்தியிருந்து, வாய் பிளந்த பூட்ஸை வலை நூலால் தைத்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்து கொப்பியை நீட்டினேன். அவனுக்குக் காட்டுவதும் அதுதான் முதல் தடவை. பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"அம்ஹா, இதெல்லாம் நீயா எழுதின?"

தலையாட்டினேன்.

"எனக்கும் தெரியும்," என்றான் காக்கா, கணக்குப் போட்ட பக்கத்தில் விரலை வைத்து. "மூணு மெட்ச்சுக்கு முன்னமே தெரியும். கண்ணுக்குள்ள மிளகாய்த் தூள் போட்ட மாதிரி இரிக்கும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? கோல் போட ஏலாதவன் வெயிலக் குத்தம் சொல்றான் எண்டு அஜ்வத் ஊரெல்லாம் ஹோன் அடிச்சுச் சொல்லுவான். அதோட அந்தப் பக்கம் ஜவுபர் மாமாட பக்கம். அவர்ர கோல். அதப் பிழ எண்டு ஆரு போய்ச் சொல்ற?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "ஜேர்ஸியக் குடு. நான் கெஞ்சிக் கேட்டுப் போடமாட்டன். இதோட நான் பந்த விட்டுட்டன்."

விட்டுவிடப் போகிறவன் பூட்ஸ் தைப்பானா? நான் கேட்கவில்லை. அவன் தைத்த பூட்ஸை எடுத்து வெயிலில் வைத்தேன்.

ஐந்தரைக்கு ஜவுபர் மாமா வந்தார். பின்னாலேயே முகம்மது தம்பி, அஜ்வத், இன்னும் நாலைந்து பேர். ஒருவனுடைய ஜேர்ஸியைக் கழற்றுவதைப் பார்க்கவும் சனம் வருகிறது.

"மிஹ்லார், அது ரெடியா?"

வாப்பா திரைக்குள் தலையை நீட்டினார். மடித்த ஜேர்ஸி என் கையில் இருந்தது. அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டித் திரையை விலக்கிக்கொண்டு முன்கடைக்குப் போனேன். தலையில் முந்தானையை இழுத்து விட்டேன். நேரே போய் ஜவுபர் மாமாவின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"தர ஏலா," என்றேன்.

"என்ன புள்ள?"

"ஜேர்ஸி தர ஏலா மாமா."

"அம்ஹா, உள்ள போ," என்றார் வாப்பா.

நான் போகவில்லை.

"மிஹ்லார் காக்காக்கு ஒரு மகள் இரிக்கி எண்டு கேள்விப்பட்ட," என்றான் அஜ்வத். "குரலும் இரிக்கா?"

கொப்பியை மேசையில் வைத்து, கணக்குப் போட்ட பக்கத்தைத் திறந்தேன். "வாசிங்க," என்றேன். அதற்கு மேல் சொல் சேர்ந்து வரவில்லை.

முகம்மது தம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கு எதையும் மெல்ல வாசிக்கத் தெரியாது. "ஏழு கோல்... கடல் பக்கம் ஏழு. பள்ளிப் பக்கம்... ஒண்டுமில்ல. இஞ்ச பாருங்கடா, நிமிசம் நிமிசமா எழுதியிரிக்கி இந்தப் புள்ள!"

அஜ்வத் மற்றப் பக்கத்தை எட்டிப் பார்த்தான். "யா அல்லாஹ்! நான் கதைச்சதெல்லாம் கிடக்குது. செருப்புத் துலைச்ச கதையும் இரிக்கி!"

"நீங்க சொன்னதுதானே," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அஜ்வத்தைப் பார்த்து.

ஜவுபர் மாமா கொப்பியைத் தொடவில்லை. "காத்தும் வெயிலும் ரெண்டு டீமுக்கும்தான் புள்ள. நல்ல போவட் எந்தப் பக்கமும் போடுவான்."

"இல்ல மாமா. அஞ்சரைக்குப் பிறகு நமக்கு மட்டும்தான்." இப்போது வந்தது. மூன்று வருடமாக நின்றதெல்லாம் வந்தது. "மெல்ரொய் வந்தாலும் இதுதான். ஆரு வந்தாலும் இதுதான். சூரியன் பள்ளிப் பக்கம் மறையுது மாமா. டெஸ்மன்டுக்கு அது தெரியும், அதாலதான் டொஸ்ஸ வெண்டும் நமக்கு அந்தப் பக்கத்தத் தந்தான். கோமாரிக்காரருக்குத் தெரியும். வாற டீமுக்கெல்லாம் தெரியும். நமக்குத்தான் தெரியா."

"எனக்குத் தெரியாதா?" ஜவுபர் மாமா எழும்பிவிட்டார். முகம் சிவந்திருந்தது. "நான் அந்தக் கோலுக்குத்தான் போட்டன்! ரெண்டாம் பாதியில போட்டன்! அந்தா படம்!"

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். அந்தப் படத்தை மூன்று வருடமாக நான்தான் துடைக்கிறேன். போய் அதைக் கழற்றிக் கொண்டுவந்து கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒங்கட நிழலப் பாருங்க மாமா."

படத்தில் ஜவுபர் மாமாவின் நிழல் அவருக்கு முன்னால், வலைக்குள் கிடக்கிற பந்து வரைக்கும் நீண்டு கிடந்தது. கோல் கம்பத்தின் நிழல் பள்ளி மதிலில் ஏறியிருந்தது.

"பின்னேரம் எண்டா நிழல் கடல் பக்கம் விழும்," என்றேன். "இது பள்ளிப் பக்கம் விழுந்திரிக்கி. சூரியன் கடலுக்கு மேல நிண்டிரிக்கி. ஒங்கட முதுகுக்குப் பின்னால."

முகம்மது தம்பி படத்தைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார். பிளேன்டிக் கோப்பைகள் குலுங்கின.

"ஓம்டா ஜவுபர்! விடியக் காலத்தால எல்லோ அந்த மெட்ச்! அந்த யுத்தப் பிரச்சினக் காலத்தில அந்தியில ஆரு வெளிய வந்த? எல்லா மெட்ச்சும் சுபஹு தொழுது முடிஞ்ச கையோடதானே. நான் புட்டத் திண்ட கை கழுவாம ஓடி வந்த. என்னடா நாம, இத்தின வரிசமா..." அவர் முடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "இத இவ்வளவு நாளும் ஏன் புள்ள நீ சொல்லல்ல?"

"ஒருத்தரும் கேக்கல்ல," என்றேன்.

ஜவுபர் மாமா என் கையிலிருந்த ஜேர்ஸியை எடுத்தார். இழுக்கவில்லை, எடுத்தார். நான் விட்டுவிட்டேன். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க, போய்ப் பாப்பம்," என்று இறங்கி நடந்தார். வாசலில் நின்ற காக்காவைப் பார்த்து, "பந்த எடுத்துட்டு வா," என்றார்.

கடை முழுக்க அவருக்குப் பின்னால் போனது. அடுப்பை அணைத்துவிட்டு வாப்பாவும் போனார். உம்மா திரைக்குள்ளிருந்து, "நீயும் போ புள்ள," என்றார். யன்னலால் பார்ப்பதற்கென்று திரும்பியவள், செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். முதல் தடவையாகக் கோட்டோரம் நின்றேன். வியாழக்கிழமை டொஸ்ஸுக்கு டெஸ்மன்ட் இறங்கிப் போன இடம் அது.

நேரம் ஆறுக்குக் கால் மணி இருக்கும். சூரியன் மினாராவுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஜவுபர் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பக்கக் கோலுக்கு முன்னால் போய் நின்றார். ஜேர்ஸியை மூலைக்கொடி நடும் கம்பில் தொங்கவிட்டார். காக்கா நடுக்கோட்டில் பந்தை வைத்தான்.

"அடி!" என்று ஜவுபர் மாமா கத்தினார்.

காக்கா உயர்த்தி அடித்தான். நல்ல அடி. ஜவுபர் மாமா கோலைப் பார்த்து ஓடினார். பந்து காற்றில் ஏறி நின்றது. நின்று, அவருக்கு நாலு ஆள் நீளம் பின்னால் விழுந்தது. அவர் நின்று, திரும்பி வந்து தேடினார்.

அஜ்வத் வாயைத் திறந்தான். முகம்மது தம்பி அவன் முழங்கையைப் பிடித்தார். அஜ்வத் வாயை மூடினான்.

"இன்னொண்டு!"

இரண்டாவது பந்துக்கு அவர் ஓடாமல் பின்னுக்கு நின்றார். பந்து காலடியில் விழுந்தது. அதை நிறுத்தி, கோல் பக்கம் திரும்பி, அடிக்கக் காலைத் தூக்கினார். தலை தானாக ஒரு பக்கம் சரிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போய் மதிலில் மோதியது. கீப்பர்கூட இல்லாத கோல்.

"வெயில்," என்றார் முகம்மது தம்பி. அவர் மெல்லக் கதைத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இன்னொண்டு அடிக்கவா மாமா?" என்று காக்கா கேட்டான். அவன் குரலில் நக்கல் இல்லை.

ஜவுபர் மாமா ஒரு கையை நெற்றியில் குடையாகப் பிடித்தபடி அந்தக் கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, வெறுமையாகக் கிடந்த கடல் பக்கக் கோலையும் பார்த்தார். அவருடைய நிழல் நீளமாக, மைதானத்தின் பாதி வரைக்கும், எங்கள் பக்கம் விழுந்து கிடந்தது.

கொடிக் கம்பில் ஜேர்ஸி காற்றுக்கு ஊதிப்போய் நின்றது. ஒன்பது என்ற இலக்கம் கடலைப் பார்த்து விறைத்து நின்றது. ஜவுபர் மாமா அதனருகே வந்தார். அதைத் தொட்டுப் பார்த்தார். கழற்றி எடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எடுக்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டினார். மடித்துக் கட்டிய சாரனை அவிழ்த்து விட்டார். காக்காவைத் தாண்டி, முகம்மது தம்பியைத் தாண்டி, வாப்பாவைத் தாண்டி வந்தார். எனக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார். நான் தரையைப் பார்க்கவில்லை.

பிறகு, ஜேர்ஸியைக் கம்பிலேயே காக்காவுக்கு விட்டுவிட்டு, பள்ளி ஒழுங்கையால் நடந்து போய்விட்டார்.